நாற்பத்தொரு கார்களும் ஒரு பேருந்தும்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு அடுத்தபடியாகச் சொல்லத் தக்கது, நெடுஞ்சாலை நெரிசல் நிவாரண இயக்குநர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் ஏறியதுதான். பதினோரு ஆண்டுகளாகப் பொதுப் போக்குவரத்தை ‘வளர்த்து’ வரும் அந்த மகான் அதுவரை ஒரு பேருந்தின் உட்புறத்தைப் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமே என்ற நேர்மையான அச்சம்தான் காரணம்.

இதைக் கண்ணால் காணும் பாக்கியம் அவருடைய அலுவலக டைப்பிஸ்டுக்கு வாய்த்தது. அவள் தினமும் அதே ஏழரை மணிப் பேருந்தில்தான் வேலைக்கு வருவாள். அவளுடைய தகுதிகாண் பருவம் முடிய இன்னும் மூன்றே நாள். வருடத்தில் மூன்று முறை தாமதமாக வந்தால் வேலை நிரந்தரமாகாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்பது விதி. அவள் பெயரில் இரண்டு ஏறிவிட்டது. வேலை போய் எட்டு மாதமாக வீட்டோடு இருக்கும் கணவன் அன்று காலை வாசல்வரை வந்து, “இன்னும் மூணே நாள். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடு” என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

இரண்டாவது நிறுத்தத்தில் இயக்குநர் ஏறினார். பின்னாலேயே இணை, துணை, உதவி என்று நாற்பது அதிகாரிகள் ஏறினார்கள். ‘நாமும் மக்களே’ என்று அச்சிட்ட அட்டை எல்லோர் கழுத்திலும் தொங்கியது. அச்சிட்டுச் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

“உள்ள போங்க சார், நடுவுல இடம் இருக்கு” என்றார் கண்டக்டர்.

“எங்கேப்பா இடம்? சீட்டே காணோமே?”

“நின்னுக்கிட்டு வர்ற இடம் சார்.”

“நின்னுக்கிட்டா? வண்டி ஓடும்போதேவா?”

இணை இயக்குநர் உடனே குறிப்பேட்டை எடுத்து, ‘பயணிகளில் ஒரு சாரார் நிற்பதை விரும்புகின்றனர்’ என்று எழுதிக்கொண்டார். டைப்பிஸ்ட் எழுந்து இயக்குநருக்குத் தன் இடத்தைக் கொடுத்தாள். மக்களில் ஒருவர் உட்கார்ந்தார். மக்களில் இன்னொருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் வண்டி நின்றது. பேருந்துக்கென்றே மஞ்சள் கோடு போட்ட தனிப் பாதை அது. அங்கே எப்போதும் நிற்காது. டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். முன்னால் வரிசையாக வெள்ளைக் கார்கள், பின்னாலும் வெள்ளைக் கார்கள். அரசுக் கார் எப்போதும் அதிகாரி கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. அதிகாரி எந்த நிறுத்தத்தில் மனம் மாறி இறங்கினாலும் தயாராக இருக்கப் பாதிக் கார்கள் முன்னால் போய், நிறுத்தத்துக்கு நிறுத்தம் அந்தப் பாதையிலேயே நின்றன. விட்டதைப் பிடிக்க மீதிக் கார்கள் பின்னால் வந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. டிரைவரைத் தவிர ஒன்றிலும் ஆள் இல்லை.

மணி எட்டரை.

“சார், முன்னாடி நிக்கிறது எல்லாம் நம்ம ஆபீஸ் காருங்க சார். கொஞ்சம் ஓரமாப் போகச் சொன்னீங்கன்னா...”

இயக்குநர் பரிவோடு சிரித்தார். “ஏம்மா, அந்தக் கார்ல யாராவது இருக்காங்களா?”

“இல்ல சார்.”

“ஆளே இல்லாத கார் எப்படிம்மா நெரிசல் ஆகும்? நெரிசல்ங்கிறது ஆளுங்களால வர்றது. இதோ, இந்த பஸ்ல பாரு, எவ்வளவு நெரிசல்!”

நாற்பது அதிகாரிகளும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். பேருந்து லேசாகக் குலுங்கியது.

“சார், ஒன்பதுக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். இன்னிக்கு விட்டா என் வேலையே போயிடும் சார்.”

“எதுக்குக் கவலைப்படறே? நான் இருக்கேன்ல.”

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. இருந்தாலும் மீதிப் பாதிக்காகக் கண்டக்டரிடம் போய், “அண்ணே, கதவைத் திறங்க, ஓடியாவது போயிடறேன்” என்று கெஞ்சினாள்.

“நடுவழியில கதவு திறக்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ் உத்தரவும்மா. நான் என்ன பண்ணட்டும்?”

உண்மைதான். போன மாதம் அதை டைப் செய்தவளே அவள்தான்.

அலுவலக வாசலில் எல்லோரும் இறங்கியபோது மணி பத்து பத்து. இயக்குநர் லிஃப்டில் போனார். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். அவள் நாலு மாடி மூச்சிரைக்க ஏறினாள். வருகைப் பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் காத்திருந்தார்.

“மூணாவது தடவை. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

“டைரக்டர்கூடத்தான் சார் வந்தேன். அதே பஸ்!”

“டைரக்டர் ஒன்பதுக்கு முன்னாடியே வந்துட்டாரே. இங்க பாரு, எட்டு அம்பதுன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார்.”

“இப்பதானே சார் என்கூட இறங்கினார்!”

“பஸ் சரியான நேரத்துக்கு வந்துச்சுன்னு அவரே சான்று கொடுத்திருக்கார். சரியான நேரத்துக்கு வந்த பஸ்ல வந்துட்டு, நீ மட்டும் எப்படிம்மா லேட்டா வந்தே?”

உலகின் எந்தத் தத்துவ ஞானிக்கும் இதற்கு விடை தெரியாது. அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு” என்றார் அவர். “ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே.”

“நான் இருக்கேன்னு சொன்னீங்களே சார்.”

“இருக்கேனேம்மா. எங்கே போயிட்டேன்?”

அவளுக்கு அழுகை வரவில்லை. கணவனிடம் என்ன சொல்வது என்பதைவிட, இந்த மனிதருக்கு எழுந்து இடம் கொடுத்தோமே என்பதுதான் தாங்க முடியவில்லை.

ஆனால் இயக்குநர் இரக்கமற்றவர் அல்லர். வேலைநீக்கம் மாலை ஐந்து மணி முதல்தான் அமலுக்கு வரும் என்று சலுகை வழங்கினார். மதியத்துக்குள் அமைச்சருக்குப் பயண அறிக்கை போக வேண்டும். அதை டைப் செய்ய ஆள் வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் பேருந்து குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தது. நாலாம் பக்கத்தில், நாற்பத்தொரு கார்கள் ஒழுங்காகச் சென்றுகொண்டிருக்கையில் இடையில் ஒரு பேருந்து புகுந்து போக்குவரத்தை ஒன்றரை மணி நேரம் முடக்கியது.

“சார், முதல் பக்கத்துல நேரத்துக்கு வந்துச்சுன்னு இருக்கே?”

“முதல் பக்கம் அமைச்சர் படிக்கிறதுக்கு. நாலாம் பக்கம் துறை நடவடிக்கைக்கு. கடைசியா இதைப் போடு. ‘நெரிசலுக்குக் காரணம்: பேருந்து. பரிந்துரை: உடனடியாக அகற்றப்பட வேண்டும்.’ அவ்வளவுதான்.”

அவள் டைப் செய்து கொண்டுவந்து வைத்தாள். தாம் சொன்னதைத் தாமே படித்துப் பார்ப்பது தன்னம்பிக்கைக் குறைவு என்று கருதுபவர் அவர். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கண்காணிப்பாளர் முத்திரை குத்தினார். அமைச்சருக்கு ஒன்று, பத்திரிகைகளுக்கு முப்பது என்று பன்னிரண்டு மணிக்கெல்லாம் அறிக்கை கிளம்பிவிட்டது.

பரிந்துரையில் அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதற்கு முந்தைய வரியில் ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தாள். அந்த வரி இப்படி இருந்தது:

‘நெரிசலுக்குக் காரணம்: கீழே கையொப்பமிட்டிருப்பவர்.’