நிரந்தரக் குடிகள்

செம்மணல் தேசத்தில், பாலைவனத்து நடுவே ஒரு கோட்டை நகரம் இருந்தது. அதைக் கட்டிய ராஜாக்கள் கல்லறைக்குள் போய் நானூறு வருஷம் ஆன பிறகும், உள்ளே முந்நூறு குடும்பங்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தன. அதுதான் அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியது.

பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்குப் பழமை கெடுகிறதென்று, முதலில் கொடியில் துணி காயப்போடக் கூடாது என்றார்கள். அடுத்து, அடுப்புப் புகை கூடாது. மூன்றாவது ஆணையில் ஜனங்களே கூடாது என்றாகிவிட்டது. எல்லாரும் மணல்மேடுகளுக்கு அப்பால் தகரக் கொட்டகைகளுக்குப் போனார்கள். சடையாண்டியின் மகள் பவுனும் கைக்குழந்தையோடு போனாள். கதவைத் திறக்க ஆள் வேண்டுமே என்று சடையாண்டியை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அவன் கோட்டையை விட்டு நகரக் கூடாது.

வந்தவர்களோ கோட்டை வெறிச்சென்று கிடக்கிறது என்று குறைப்பட்டார்கள். பண்பாட்டு அமைச்சர் மூளையைக் கசக்கி ஒலிபெருக்கி வைத்தார். காலை பத்து மணிக்குச் சேவல் கூவும், ஆடு கத்தும், ஒரு குழந்தை அழும். பதிவு செய்த அழுகைதான் என்று தெரிந்தாலும் சடையாண்டிக்கு இருப்புக்கொள்ளாது. மகள் காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசல்வரை போய் நின்றுவிட்டு வருவான். பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லை. வருகிறவர்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பதோடு சரி.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. கோட்டைவாசிகளில் பெரும்பான்மையோர் விரும்பினால் ஜனங்களைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக அமைச்சர் பெரிய மனசோடு அறிவித்தார். சடையாண்டிக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. கோட்டைவாசி என்று இருப்பது அவன் ஒருவன்தானே. திரும்ப வரட்டும் என்று ஓட்டுப் போட்ட கையோடு மகள் வீட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்தான்.

முடிவை அறிவிக்க அமைச்சரே வந்தார். வரட்டும் என்றவர் ஒருவர். வேண்டாம் என்றவர்கள் அறுநூற்றுப் பதினேழு பேர்.

"யாருங்கய்யா அவங்க? இங்க என்னை விட்டா ஈ காக்கா கிடையாதே."

அமைச்சர் கோட்டைக்குள் வரிசையாகக் கிடந்த ராஜ வம்சத்துக் கல்லறைகளின் பக்கம் கையைக் காட்டினார். "நிரந்தரக் குடிகள். நானூறு ஆண்டுகளாக முகவரி மாறாதவர்கள். அவர்களுடைய விருப்பத்தை அவர்கள் சார்பில் அரசே பதிவு செய்தது."

அப்படியானால் தன்னையாவது தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிடும்படி சடையாண்டி கும்பிட்டான். பேத்தியைப் பார்த்து எட்டு மாசம் ஆகிறது என்றும் சொன்னான்.

அமைச்சர் அவன் தோளில் கை வைத்தார்.

"உமது விசுவாசத்தை மெச்சி உம்மையும் நிரந்தரக் குடியாக்கியிருக்கிறோம். இனி நீர் எங்கும் போக வேண்டியதில்லை. அடுத்த தேர்தலுக்கும் சிரமப்பட வேண்டாம். உமது ஓட்டையும் நாங்களே போட்டுவிடுவோம்."