இடிக்கத் தெரியாத பூகம்பம்

பெங்களூரை அழிக்க முழுத் தகுதி பெற்ற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். தினமும் காலையில் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி, டிபன் கேரியரும் கையுமாக வந்து இறங்குவார். எங்களுக்கு அவர் 'பூகம்பம்'. டைட்டில் கார்டு போடும்போதுதான் சொந்தப் பெயரைக் கேட்டோம். "இதுவே நல்லாத்தானே கீது, இதையே போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஐ.டி. வேலையை உதறிவிட்டு வந்த ஒரு டைரக்டரின் முதல் படத்துக்கு நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். கதை சுலபம்: வானத்திலிருந்து ஒரு விண்கல் எலெக்ட்ரானிக் சிட்டியில் விழுகிறது, ஊர் காலி. கம்ப்யூட்டரில் ஊரை இடிக்க எங்களுக்கு வசதி இல்லை. அதனால் பெங்களூர் அடுகோடி ஏரியாவில் ஒரு பழைய லேத் பட்டறையைப் பிடித்து, மேம்பாலம், அபார்ட்மென்ட் எல்லாவற்றையும் நெஞ்சு உயரத்துக்குச் செய்து இடிப்பதாக ஏற்பாடு. செய்வதும் பூகம்பம், இடிப்பதும் பூகம்பம்.

மனிதர் சாமானெல்லாம் மளிகைக் கடையில்தான் வாங்குவார். இடிபாட்டுப் புழுதிக்கு ராகி மாவு. விண்கல் ஒரு பெரிய சேனைக்கிழங்கு; கரி பூசி, கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பத்து நாளில் அது முளைவிட்டது. "வேற்றுக்கிரகத்துல உயிர் இருக்குன்னு இப்பவாச்சும் நம்புங்க" என்றார்.

ஜன்னல் கண்ணாடிகள் சர்க்கரைப் பாகு. பார்த்தால் அசல் கண்ணாடி. மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தால், பதினாலு மாடியிலும் எறும்பு! டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், எதுக்கு டென்ஷன்? ஜனங்க உயிருக்கு பயந்து ஓடுறாங்கன்னு வெச்சுக்கலாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க" என்றார் பூகம்பம்.

கட்டடம் இடிகிற நாள் வந்தது. நொடிக்கு நூற்றுக்கணக்கில் படம் பிடிக்கும் கேமராவை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதில் எடுத்தால்தான் சின்னக் கட்டடம் சரிவது நிஜக் கட்டடம் போல மெதுவாக, கனமாகத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேமராவைத் திருப்பித் தர வேண்டும். விட்டால் இன்னொரு நாள் கிடையாது, படமும் கிடையாது.

"ஆக்‌ஷன்!"

நாலு பேர் மேஜையை உலுக்கினோம். சேனைக்கிழங்கு சீறி வந்து ஏழாவது மாடியில் மோதியது. மோதிய வேகத்தில் திரும்பி வந்து டைரக்டரின் முழங்காலைப் பதம் பார்த்தது. கட்டடம் அசையவில்லை.

இரண்டாவது டேக்கில் ஆறு பேர் உலுக்கினோம். மேஜையின் கால் உடைந்தது. கட்டடம் லேசாகச் சாய்ந்து, எங்களைப் பார்த்தபடி நின்றது.

"அண்ணா, விழறதுக்குத்தானே கட்டச் சொன்னேன்!" டைரக்டர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கத்தினார்.

பூகம்பம் தலையைச் சொறிந்தார். "எங்கப்பாவுக்கு சுரங்கத்துல முட்டு குடுக்குற வேலை சார். அவர் முட்டு குடுத்த எடத்துல ஒரு கல்லு விழுந்ததில்ல. எனக்கும் கை அப்படியே போயிடுது. மாடிக்கு மாடி உள்ளாற கம்பி முட்டு குடுத்துட்டேன். அஞ்சு நிமிஷம் குடுங்க, எடுத்துடறேன்."

முழங்கை வரைக்கும் கையைக் கட்டடத்துக்குள் விட்டு, குறடால் ஒவ்வொரு முட்டாகப் பிடுங்கினார். கடைசி முட்டு போன பிறகும் கையை வெளியே எடுக்கவில்லை.

"இன்னும் என்னண்ணா?" என்றேன்.

"ரெண்டு பேர் உள்ளாற கீறாங்க தம்பி. இட்டுனு வந்துடறேன்."

ஏழாவது மாடி பால்கனியில் மெழுகில் ஓர் அம்மாவையும் குழந்தையையும் அவர் செய்து வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே இருந்தால் கேமராவில் தெரியவே தெரியாத அளவுக்குச் சின்னப் பொம்மைகள். அவற்றைத் தொட்ட நேரம், ராகி மாவு மூக்கில் ஏறியது.

ஒரே தும்மல்.

பதினாலு மாடியும் அவர் கையைச் சுற்றிப் பொலபொலவென்று சரிந்தது. எங்கும் புழுதி. புழுதி அடங்கியபோது இடிபாட்டுக்கு நடுவே ராட்சதக் கை ஒன்று விரிந்திருந்தது. உள்ளங்கையில் அம்மாவும் குழந்தையும் பத்திரமாக.

"ஐயோ, போச்சு!" என்று டைரக்டர் தரையில் உட்கார்ந்தார்.

கேமராமேன் மெல்லச் சொன்னார்: "சார், ரெக்கார்ட் ஓடிட்டுதான் இருந்துச்சு."

மானிட்டரில் அதை மூன்று முறை பார்த்தோம். பிறகு டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "கிளைமாக்ஸை மாத்தி எழுதுங்க. வானத்துலேர்ந்து ஒரு கை வருது."

எழுதினேன். படம் ஒரு வாரம்தான் ஓடியது. ஆனால் அந்த ஒரு வாரமும், கை வந்த காட்சியில் தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. முதல் நாள் பூகம்பம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஜனம் எழுந்து நின்று கத்த, திரையில் லாரி அளவுக்குத் தெரிந்த தன் விரல்களையே வெட்கத்தோடு பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நகம் வெட்டினு வந்திருப்பேனே, தம்பி."

சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர். இருட்டில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு போட்ட பிறகும் விட மனசு வரவில்லை.