ஓர் அட்டை குறையும் ஆசாமி

ஒகையோ மாநிலத்தில் பழைய பேஸ்பால் அட்டை சேர்க்கிற அத்தனை பேரையும் எனக்கு நேரில் தெரியும். சரி, இது கொஞ்சம் அதிகம்தான். எனக்குத் தெரிந்தவன் ஒரே ஒருவன், என் தம்பி வெர்னன். ஆனால் அவனைப் பார்த்துவிட்டால் மற்றவர்களைப் பார்க்க வேண்டிய அவசியம் இராது.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். "சௌக்கியமா?" என்று கேளுங்கள். "ஒண்ணுதான் குறையுது" என்று பதில் வரும். இவர்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது பபிள்கம் பொட்டலத்தோடு இலவசமாக வந்த அட்டைகள். முன்னால் ஆட்டக்காரர் படம், பின்னால் அவர் அடித்த கணக்கு. ஒரு வருடத்துத் தொகுப்பில் நானூற்றுச் சொச்சம் இருக்கும். அத்தனையும் சேர்ந்து ஒன்று மட்டும் கிடைக்காமல் நிற்கும். அந்த ஒன்று பெரிய சூரருடையது என்றா நினைக்கிறீர்கள்? வெர்னனுக்குக் குறைந்தவர் எல்வுட் கிரெப்ஸ். வருஷம் முழுக்க பெஞ்சைத் தேய்த்துவிட்டு, பந்தைப் பிடிக்கிற கேட்சருக்குக் காய்ச்சல் வந்த அன்று மட்டும் களத்தில் இறங்கிய மாற்று ஆள். அவரை அவருடைய அணியே மறந்துவிட்டது. என் தம்பிக்கோ அவருடைய தொப்பி அளவு தெரியும்.

சிறு வயதில் சேர்த்ததையெல்லாம் அம்மா குப்பையில் போட்டுவிட்டாள் என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒப்பாரி. அம்மாக்கள் எல்லோரும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு அந்த அட்டையை யார் சீந்துவார்கள்? அந்த நன்றி உண்டா?

அட்டையைத் தொடுமுன் வெர்னன் அறுவை சிகிச்சைக்குப் போகிற மருத்துவர் மாதிரி முழங்கை வரை சோப்புப் போடுவான். பூதக்கண்ணாடியால் நான்கு மூலைகளையும் பார்ப்பான். பின்பக்கத்தை மோந்து பபிள்கம் வாசனை இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொள்வான். அந்த நேரத்தில் நீங்கள் தும்மினால் ஜென்மப் பகை. ஒரு நாள் சமையலறையில் தீப்பிடித்தது. முதலில், ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்த அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வெளியே கொண்டுவந்தான். பிறகுதான் மனைவி ஆர்லீன் ஞாபகத்துக்கு வந்தாள்.

"நல்லவேளை, என்னையும் உறையில போட்டு எடுக்கல" என்றாள் அவள்.

"உன் அளவுக்கு உறை கிடைக்கலையே!"

இப்படியிருக்கையில், எல்வுட் கிரெப்ஸ் உயிரோடு, இரண்டு மணி நேரத் தூரத்தில், லைமாவில் இருக்கிறார் என்று தெரிந்தது. வெர்னன் காரை விரட்டினான். நானும் தொற்றிக்கொண்டேன். இப்படிப்பட்ட கூத்தை யார் தவறவிடுவார்கள்?

கிழவர் காப்பி கொடுத்தார். சமையலறை இழுப்பறையில் ரப்பர் வளையங்களுக்கும் தீர்ந்த பேட்டரிகளுக்கும் நடுவிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். மூலைகள் கத்தி மாதிரி இருந்தன. என் தம்பி காப்பிக் கோப்பையை எட்டத் தள்ளி வைத்தான்.

"எடுத்துக்கங்க தம்பி. எனக்கு எதுக்கு?" என்றவர், கொஞ்சம் வெட்கத்தோடு, "ஐம்பது வருஷமா யாரும் என்கிட்ட கையெழுத்துக் கேட்டதில்ல. போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"ஐயா, வேண்டாம்! அதுல மை படவே கூடாது!"

"என் படம்தானே?"

"படம் உங்களுதுதான். ஆனா பேனா பட்டா பாழாப்போயிடும். தொகுப்புல சேர்க்க முடியாது."

"நானே போட்டாலுமா?"

"யாரு போட்டாலும்!"

கிழவரின் முகம் தொங்கிவிட்டது. வெர்னன் கையுறை எடுக்கக் காருக்கு ஓடினான். திரும்பி வருவதற்குள் கிரெப்ஸின் கையில் எங்கிருந்தோ ஒரு பேனா வந்துவிட்டது. படத்திலிருந்த தம் மூக்கின் மேலேயே, வாய் நிறையச் சிரிப்போடு, ஊர்வலம் போகிற எழுத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

திரும்பும் வழியில், சோளக்காடு தீரும்வரை வெர்னன் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தபடியே காரை ஓட்டினான். அழுதுவிடுவான் என்றே நினைத்தேன். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை டேட்டன்ல அட்டைச் சந்தை இருக்கு. வர்றியா? இன்னும் ஒண்ணுதானே குறையுது!" முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. தொகுப்பு அன்றைக்கு நிறைந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாவம் அவன் என்ன செய்திருப்பான்? கையெழுத்துப் போட்ட அட்டையை ஆர்லீன் ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன் அதற்கு ஒரு வணக்கம் வைக்கிறான்.

சிரிக்கிறீர்களா? வாங்கின சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் அதன் மேல் உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்? அலமாரியில் ஆறு கோப்பையில் ஒன்று உடைந்த நாளிலிருந்து மீதி ஐந்தை விருந்தாளிக்கு எடுக்காதவர் நீங்கள்தானே? எதற்கும் ஒரு முறை உங்கள் மூலைகளையும் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை, நான் எழுத எழுத, என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த வெர்னன் பூதக்கண்ணாடியைத் தாளின் மேல் வைக்கிறான்.

"அந்தப் பேனா எங்கிருந்தோ வரல, அக்கா. உன் கைப்பையிலிருந்து வந்துச்சு. மூடியைக்கூட நீதான் கழட்டிக் கொடுத்தியாம். அவரே போன்ல சொன்னாரு."