அட்டைப்படக் கவிஞர்

இலக்கிய இதழின் அட்டையில் தன் முகம் வராமல் சாவதில்லை என்று கவிஞர் முடிவெடுத்தார். கவிதைகள் உள்ளே வந்திருக்கின்றன. பெரும்பாலும் விளம்பரம் போக மிச்சமிருந்த இடத்தில். ஆனால் ஆபீசில் எதிர்மேசைக்காரன், நேற்று எழுத வந்தவன், போன இதழின் அட்டையிலேயே சிரித்தான்.

ஒருவழியாகக் கவிஞரையும் பேட்டி எடுக்க ஆள் வந்தது. ஒரு பெண், கூடவே ஒரு கேமராக்காரர்.

"உங்க கவிதை எங்க பிறக்குது சார்?"

எதிர்மேசை ஏற்கெனவே மொட்டைமாடி நிலவைச் சொல்லிவிட்டான். நிலா போச்சு. கவிஞர் தவித்தார். சமையலறையில் மனைவி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"சிங்க்ல!" என்றார். "இந்த வீட்டுல பாத்திரம் கழுவுறது நான்தான். குழாய்ல தண்ணி விழ விழ, வரி வரியா வரும்."

"அட! இதை அட்டையிலயே போடலாம் சார்!"

அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு மனைவி வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து கவிஞர் ஒரு டம்ளர்கூடக் கழுவியதில்லை.

"நிஜமாம்மா?" என்றாள் பேட்டிக்காரி.

"அதை ஏன் கேக்குறீங்க! என்னைக் கிட்டயே விடமாட்டாரு. நான் ஒரு கரண்டியத் தொட்டாக்கூட, என் கவிதையில கை வைக்காதேன்னு கத்துவாரு. விருந்தாளி வந்தா இன்னும் குஷி. நிறையச் சேரும் பாருங்க."

கவிஞருக்குக் கண்கள் பனித்தன. எப்பேர்ப்பட்ட உத்தமி!

கேமராக்காரர் அவரை சிங்க் முன்னால் நிறுத்தினார். கவிஞர் கைக்கு வந்த துணியை எடுத்தார்.

"ஏங்க, அது தரை துடைக்கிறது" என்று காதோரம் கிசுகிசுத்து, கம்பி நாரைக் கையில் திணித்தாள் மனைவி.

இதழ் வந்தது. அட்டையில் முழங்கை வரை நுரையோடு கவிஞர். உள்ளே மனைவி சொன்னது தடித்த எழுத்தில். எதிர்மேசையின் முகம் சுண்டிப்போனதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, தரையில் கால் பாவாமல் வீடு வந்தார்.

வீடு நிறைய மனைவியின் அக்கா குடும்பம். அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சிங்க்குக்கு மேலே சுவரில் அந்த அட்டை. சிங்க்குக்குள்ளே மலை.

"என்னடி இது?"

"கவிதைங்க. ஒரு தொகுப்பே தேறும்."

"விளையாடாதே. அலுத்துப்போய் வந்திருக்கேன்."

"அப்ப விடுங்க. அந்தப் பொண்ணு போன் நம்பர் குடுத்துட்டுத்தான் போச்சு. எல்லாம் சும்மா சொன்னதுன்னு சொல்லிடறேன். திருத்தத்தையும் அட்டையிலயே போடுவாங்க."

கவிஞர் சட்டைக் கையை மடித்தார்.

"தம்பி, அந்தப் பெரிய சட்டி அடிப்பிடிச்சிருக்கு. நல்ல கவிதையா வரும்" என்றாள் அக்கா.

கவிஞர் தேய்த்தார். ஒரு வரியும் வரவில்லை. கரியும் போகவில்லை. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, இதழைப் புரட்டினாள்.

"முதல் தடவையா முழுசாப் படிச்சேங்க. நல்லாத்தான் இருக்கு. அடுத்த பேட்டியில பாத்ரூம் கழுவுறதப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க."