ஐ.நா. சபை கேட்டுக்கு வெளியே கூடிய நாள்

பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதே இல்லை என்று எந்த ஆசிரியராவது அலுத்துக்கொண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்காவிட்டால் சந்தோஷப்பட்டுக்கொண்டு போங்கள் ஐயா. நான் சொன்னதை முப்பத்தாறு பிள்ளைகள் ஓர் எழுத்து விடாமல் கேட்டார்கள். அதில் என் வேலையும் கல்யாணமும் ஒரு வருடம் தள்ளிப்போயின.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் நாசரேத். (அங்கே கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு வாத்தியார் மேல்தான் விழும்.) தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். "நிரந்தரம் ஆகட்டும், பெறவு தேதி குறிப்போம்" என்று வருங்கால மாமனார் சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு தலையாட்டலில்தான் எல்லாமே நின்றது.

பாடத்தை ஒழுங்காக நடத்திவிட்டுப் போயிருக்கலாம். செய்தேனா? சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த கொழுப்பு விடவில்லை. உலகப் பிரச்சினைகளை மாணவர்களிடம் கொண்டுபோங்கள், அவர்களைச் செயல்படும் குடிமக்களாக மாற்றுங்கள் என்று அங்கே சொல்லி, ஒரு துணிப்பையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வந்த வேகத்தில் ஒன்பதாம் வகுப்பை ஐ.நா. சபையாக்கினேன். ஆளுக்கொரு நாடு, கழுத்தில் அட்டை. பிரச்சினை: கடலில் சேரும் பிளாஸ்டிக்.

வியாழக்கிழமை ஒத்திகை. "கடல் மாசுபாட்டை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கத்து மீனவக் கிராமமான தருவைகுளத்திலிருந்து வருகிற ஜெனிட்டாவுக்கு மாலத்தீவு. அவள் எழுந்து நின்று, கண்டித்தால் யார் கேட்பார்கள் என்றாள். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. கண்டித்தால் போதாது, கண்ணெதிரே நடப்பதைத் தடுக்க என்ன செய்யப்போகிறீர்கள், நீங்களே தீர்மானம் போடுங்கள் என்று முழங்கினேன்.

பத்தே நிமிடத்தில் போட்டார்கள். பள்ளி கேண்டீனில் பிளாஸ்டிக் கப்பும் பாக்கெட் தண்ணீரும் நிற்கும்வரை உறுப்பு நாடுகள் உள்ளே வராது, கேட்டுக்கு வெளியேதான் உட்காரும். அடடா, என்ன கற்பனை! இதை நாளைக்கு நடித்துக் காட்டினால் அதிகாரி அசந்துபோவார் என்று எனக்குப் புல்லரித்தது. இன்னும் கொஞ்சம் காரம் சேர்ப்போமே என்று நானே ஒரு வரியும் எழுதினேன். மீறி உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் காலை வழிபாட்டில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடியில் 'பொதுச் செயலாளர்' என்று போட்டுக் கையெழுத்தும் இட்டேன். (சீல் இருந்திருந்தால் அதையும் குத்தியிருப்பேன்.) அமெரிக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய அப்பாதான் கேண்டீனுக்குச் சரக்குப் போடுகிற அண்ணாச்சி.

எங்கள் ஊர்க் கமிட்டிகளில் தீர்மானம் என்றால் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும், அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படும், அதற்கடுத்த கூட்டத்தில் மறக்கப்படும். கடற்கரையில் அப்படியில்லை. நாளைக்கு யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டால் ஒரு படகு அசையாது. இரண்டு வருடம் அந்தப் பிள்ளைகளோடு இருந்தும் இது என் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கெல்லாம் உள்ளே போய்ப் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டேன். ஒன்பது மணிக்கு வகுப்பில் அமெரிக்கா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார். கேட்டில் தீர்மானத்தை ஒட்டியிருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் முப்பத்தாறு நாடுகளும் அட்டை மாட்டி, சத்தமில்லாமல், வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"சார், இந்தப் பொதுச் செயலாளர் யாரு?" என்றார் சிஸ்டர்.

ஓடிப்போய் ஜெனிட்டாவிடம் கெஞ்சினேன். அதெல்லாம் நடிப்பு தாயி, அதிகாரி வருகிற நேரம், எழுந்து வாருங்கள் என்றேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "கூட்டம் போட்டு முடிவெடுத்தாச்சு சார். ஊர்ல முடிவெடுத்தா எங்கப்பாவே போட்டை எடுக்க மாட்டாவ. நீங்கதான் காலைலயே உள்ள போயிட்டிய."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி இறங்கி, கேட்டில் ஒட்டியிருந்ததை முழுதாக வாசித்தார். அந்த நேரம் பார்த்து, அவருக்கு மரியாதை செய்கிறேன் என்று பியூன் டீ கொண்டுவந்து நீட்டினார். கேண்டீன் டீ வேறு எதில் வரும்? பிளாஸ்டிக் கப்பில்தான். வாங்கிவிட்ட மனுஷனால் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. முப்பத்தாறு நாடுகளும் அந்தக் கப்பையே பார்த்தன. கடைசியில் என் கையில் கொடுத்துவிட்டார். ஆறிப்போகிறவரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்றிலிருந்து கேண்டீனில் பிளாஸ்டிக் கிடையாது என்று சிஸ்டர் வாயால் சொல்லிப் பார்த்தார். எழுத்தில் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். (எதையும் எழுதி வாங்குங்கள் என்று கற்றுக்கொடுத்ததும் இந்த அறிவாளிதான்.) சிஸ்டர் எழுதினார். ஜெனிட்டா வாங்கி, தேதி போட்டிருக்கிறதா என்று பார்த்து, மடித்து வைத்துக்கொண்டாள். எல்லாரும் வரிசையாக உள்ளே போனார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"சார், மன்னிப்பு?" என்றாள்.

தள்ளிப்போன வழிபாட்டுக் கூட்டம் அன்று பத்தரைக்கு நடந்தது. முன்வரிசையில் அதிகாரி. பொதுச் செயலாளராகிய நான், சபையின் தீர்மானத்தை மீறிக் காலை ஏழரைக்கே உள்ளே நுழைந்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். பள்ளியே கைதட்டியது. அதிகாரியும் தட்டினார். தட்டிய கையோடு அறிக்கையும் எழுதினார்: மாணவர்கள் மிகச் சிறப்பு, ஆசிரியருக்கு இன்னும் ஓராண்டு அனுபவம் தேவை.

கல்யாணமும் ஓராண்டு தள்ளிப்போனது. எரிச்சலில் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஜெனிட்டா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பின்னால் இலங்கை, ஜப்பான், பிரேசில்.

"சார், உங்களுக்கு நிரந்தரம் குடுக்கலையாமே. கூட்டம் போட்டுருவோமா?"

இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவள் கேட்ட விதத்தில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. அவர்கள் வகுப்புக்குப் போய் உட்காருகிறவரை பின்னாலேயே போய்ப் பார்த்ததும் உண்மை.

இப்போதெல்லாம் சம்பளம் தாமதம், தெருவிளக்கு எரியவில்லை என்று வீட்டில் நான் ஆரம்பித்தாலே என் மனைவி, "சும்மா ஏன் பொலம்புதிய? ஜெனிட்டாகிட்ட சொல்லிருவோமா?" என்பாள். உடனே வாயை மூடிக்கொள்வேன். எங்கள் மகளுக்கு ஏழு வயது. ஜெனிட்டா என்பது மின்வாரியம், போலீஸ் மாதிரி ஏதோ ஓர் இலாகா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.