துரோகிப் பெட்டி

குழம்பில் உப்புக் கூடினால் சமைத்தவரின் உள்நோக்கம் என்ன என்று ஆராய்கிற, பஸ் தாமதமானால் டிரைவருக்கும் தனக்கும் என்ன பகை என்று யோசிக்கிற, எதிரே வந்தவர் தும்மினால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் தும்மினார் என்று நம்புகிற ஒரு மனித வகை உண்டு. துரோகி கண்டுபிடிப்பாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். என் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான். இதை எழுதுவதே அவன்தான்.

ஆனால் நாங்களெல்லாம் கற்றுக்குட்டிகள். சங்கரன்கோவில் நெல்லைநாயகம் இதில் முனைவர் பட்டமே வாங்கப் புறப்பட்டவர். தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் விரிவுரையாளர், வயது நாற்பத்திரண்டு. கம்பியில்லா வலையமைப்புக்குள் நல்லபிள்ளையாக ஒளிந்திருக்கும் கெட்ட கருவியைக் கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. ஒவ்வொரு கருவிக்கும் நம்பிக்கை மதிப்பெண் போடுவார். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் வெளியேற்றம். பழக்கதோஷத்தில் மனைவி மாலதிக்கும் போட்டார்.

"நாப்பத்தஞ்சா? அப்ப உங்களுக்கு எவ்வளவு?"

"மார்க் போடுதவனுக்கு யாராவது மார்க் போடுவாங்களாட்டி?"

ஆராய்ச்சிக்கு மேலநீலிதநல்லூரில் இடம் கிடைத்தது. ஒரே போர்வெல் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் எட்டுப் பேரின் வயல்களில் ஆளுக்கொரு பெட்டி நட்டார். ஒவ்வொரு பெட்டியும் தன் மண்ணின் ஈரத்தைச் சொல்லும். பக்கத்துப் பெட்டி சொன்னதையும் வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும். சேதி இப்படிக் கைமாறிக் கைமாறி, மோட்டார் ரூம் கூரையில் அவரே பொருத்திய தலைமைப் பெட்டிக்கு வந்து சேரும். எந்த வயல் காய்கிறதோ அதற்கு வால்வு திறக்கும். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு, நல்ல வெயில் காலத்தில், சேதிகள் வழியில் காணாமல் போயின.

வேறொருவராக இருந்தால் கவலைப்பட்டிருப்பார். நெல்லைநாயகத்துக்கோ முகம் மலர்ந்துவிட்டது. லேப்டாப்போடு மோட்டார் ரூமில் உட்கார்ந்தார். மோட்டார் ரூமுக்கு மிக அருகில் இருந்து, எல்லார் சேதியையும் கடைசியாகக் கைமாற்றும் ஏழாம் பெட்டி திரையில் சிவப்பாக எரிந்தது.

"ஏழாம் நம்பர் எல்லார் சேதியையும் வாங்கி முழுங்கிருது. ஆதாரம் இருக்கு" என்றார் கூடியிருந்தவர்களிடம்.

அது சண்முகசுந்தரியின் மிளகாய் வயல். கணவர் இறந்தபிறகு தனியாளாக விவசாயம் பார்க்கிறவர்.

"மைனி வயல் மட்டும் பச்சப்பசேல்னு நிக்கும்போதே நெனச்சேன்" என்றார் பக்கத்து வயல் பாண்டிராஜ், அவருக்குக் கொழுந்தன் முறை.

"என்ன சார் சொல்லுதிய? அந்தப் பெட்டிய நான் தொட்டதுகூட இல்ல."

"தொடாம எப்படிம்மா கெடும்?"

ஏழாம் பெட்டி வயலில் நின்றபடியே வலையமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதன் வால்வும் மூடிக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் சண்முகசுந்தரி வந்து நின்றால் பேச்சு நின்றது. மிளகாய்ச் செடிகள் இலை சுருட்டின.

சேதிகள் மட்டும் வந்தபாடில்லை. இப்போது எல்லாம் ஆறாம் பெட்டி வழியாக வர வேண்டியிருந்தது. ஆறாம் பெட்டி சிவந்தது. அது பாண்டிராஜுடையது.

"சார், என்னையுமா?"

"ஆதாரம் இருக்கு."

அடுத்து ஐந்து. அப்புறம் நாலு. ஒரே வாரத்தில் எட்டும் துரோகிகளாகிவிட்டன. அப்போதாவது ஒரு மனிதருக்குப் பொறி தட்ட வேண்டாமா? நெல்லைநாயகத்துக்குத் தட்டியது: 'எட்டுக் கருவிகளின் கூட்டுச்சதி' என்று கட்டுரைக்குத் தலைப்பு!

முதல் பத்தியை அவர் அடித்துக்கொண்டிருந்த காலையில் சண்முகசுந்தரி வந்தார். வாடிய செடிகளை வேரோடு பிடுங்கி வந்து லேப்டாப் மேலேயே வைத்தார்.

"இதுக்கும் மார்க் போடுங்க சார்."

அவர் செடிகளை ஒதுக்கி, லேப்டாப்பில் விழுந்த மண்ணைத் தட்டினார். அப்போது கூரைமேல் காற்றுக்கு ஏதோ 'டொக் டொக்'கென்று அடித்தது. சண்முகசுந்தரி வெளியே போய் அண்ணாந்து பார்த்தார்.

"உங்க பெட்டியிலதான் கொம்பு ஆடுது. அத மாட்டுனது யாரு?"

"நான்தான்" என்றார் நெல்லைநாயகம். சொன்னபிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரிந்தது.

அவர் ஏணியைத் தேடுவதற்குள் சண்முகசுந்தரி மேலே ஏறிவிட்டார். ஏரியலை நாலு திருகு திருகினார். உள்ளே லேப்டாப் கீச்சிட்டது. ஏழாம் பெட்டியின் சேதி முதலில் வந்தது. பின்னாலேயே மற்ற ஏழும். ஒருவாரமாக அத்தனை பெட்டிகளும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கேட்கவேண்டிய காது கழன்று கிடந்திருக்கிறது.

"சில நேரம் இந்த சிக்னல்..." என்று ஆரம்பித்தார்.

"சிக்னல விடுங்க. அத்தன பேரு முன்னால என்னயக் குத்தம் சொன்னிய. இதையும் அவங்க முன்னால சொல்லுங்க."

சொன்னார். காது மடல் சிவக்க, "தப்பு முழுக்க என்னோடது, இந்த அம்மா ஒண்ணும் செய்யல" என்று எட்டுப் பேர் நடுவில் சொன்னார். பாண்டிராஜ் தரையைப் பார்த்தபடி, "என் முறைத் தண்ணிய இன்னைக்கு மைனி வயலுக்கு விடுங்க" என்றார். பொழுது சாயும்வரை நெல்லைநாயகம் சேற்றில் நின்று தண்ணீர் பாய்ச்சினார். பாதிச் செடிகள் தலைநிமிர்ந்தன. மீதிப் பாதியை அவர் எண்ணிப் பார்த்தார்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழிவரை திருந்தித்தான் இருந்தார். பிறகு, அந்த ஏரியலைத் தனக்கு விற்ற கடைக்காரர் அன்று ஏன் அப்படிச் சிரித்தார் என்று யோசிக்கத் தொடங்கினார்.

சிரித்துக்கொள்ளுங்கள். படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும், மைத்துனரோ, மேலதிகாரியோ. அவருக்கு இதை அனுப்பிவைக்கலாம் என்று கைகூடப் பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அவர் இதை ஏற்கெனவே படித்துவிட்டு, உங்கள் நம்பரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.