கலப்படத்தின் சீட்டுக்கட்டு

தர்மபுரி மாவட்டத்திலேயே ஜெயிப்பதற்குப் பயந்த ஒரே மனிதன் எங்கள் கலப்படம்தான். பரீட்சைக்குப் பயந்தவர்கள் உண்டு, பாம்புக்குப் பயந்தவர்கள் உண்டு. ஆட்டத்தில் ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்று வியர்த்துப் போகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஏரியூர்ப் பக்கத்துக்காரன். அவனுடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். சாம்பார், ரசம், மோர், அப்பளம், விசேஷ நாளென்றால் பாயசம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து சாப்பிடுவான். கேட்டால், "உள்ள போயி எல்லாம் ஒண்ணாத்தான ஆவுது. நான் கொஞ்சம் முன்னாடியே பண்ணிக்கறேன்" என்பான்.

அப்போது எங்கள் அறையின் மூன்றாவது ஆளான சலீம், பெங்களூரிலிருந்து ஏரோப்ளேன் ட்ரம்ப் கார்டு வாங்கி வந்தான். பாலக்கோட்டு ஜவுளிக்கடைக்காரர் மகன் அவன். வேகம், நீளம் என்று ஒவ்வொரு கார்டிலும் எண்கள். பெரிய எண் வைத்திருப்பவன் ஜெயிப்பான். விடுதியே வாயைப் பிளந்து பார்த்தது. கலப்படம் ஒரே ஆட்டத்தில் கொட்டாவி விட்டான்.

"பெரிய ஏரோப்ளேன் வெச்சிருக்கறவன்தான் ஜெயிப்பான்னா, நடுவுல நாம எதுக்குடா? கார்டுங்களே பேசித் தீத்துக்கும்."

மறுநாளே சொந்தக் கட்டு தயாரிக்க இறங்கிவிட்டான். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகள். படத்துக்குத் தீப்பெட்டி லேபிள்கள். லேபிளுக்குக் கீழே அவன் கையெழுத்தில் கட்டளை. யார் சீட்டைப் போட்டாலும் அதில் எழுதியிருப்பது நடந்தாக வேண்டும். கையிலிருக்கும் சீட்டு முதலில் தீர்ந்தவன் ஜெயித்தவன், கடைசிவரை சீட்டோடு நிற்பவன் தோற்றவன். அவ்வளவுதான் ஆட்டம்.

ஆனால் கட்டளைகள் இருக்கிறதே. 'மாரண்டஹள்ளி தக்காளி லாரி' விழுந்தால் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எல்லோரும் கையிலுள்ள சீட்டு முழுவதையும் இடப்பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். 'கொக்கு' யார்மேல் விழுந்ததோ அவன் ஒற்றைக்காலில். 'அதியமான்கோட்டை ஸ்டாப்' என்றால் பஸ் நிற்காமல் போய்விட்டது; அடுத்த சுற்று வரை கையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'அவசரம்' என்று ஒரு சீட்டு. இரண்டு சீட்டு சேர்த்துப் போடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு. அது என்னைப் பார்த்துச் செய்தது என்று அவன் சொல்லாமலே விடுதிக்குத் தெரியும்.

அவனுடைய சித்தாந்தம் ஒன்றே ஒன்று: எல்லாச் சீட்டுக்கும் ஒரு எமன் இருக்கணும். எதற்கும் மடங்காத சீட்டு ஒன்று கட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் செத்துப்போகும் என்பான். இன்னொரு ஏற்பாடும் உண்டு. தோற்றவன் கட்டிலிருந்து பிடித்த சீட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவரலாம். "தோத்தவனுக்குத் திரும்பி வர ஒரு காரணம் வேணுமில்ல."

ஒரு குறை இருந்தது. சீட்டின் முன்பக்கம் புலி, பின்பக்கம் 'நிகழும் மங்களகரமான'. முன்பக்கம் கொக்கு, பின்பக்கம் 'சுற்றமும் நட்பும்'. இரண்டாவது நாளே முதுகைப் பார்த்து எல்லோரும் சீட்டைச் சொல்லிவிட்டார்கள்.

"டேய், என்கிட்ட என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியுதுடா" என்று அழாத குறையாகச் சொன்னான் சலீம்.

"நெசத்துல மட்டும் என்ன? யார்கிட்ட என்ன இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சேதான ஏமாந்துக்கிட்டு இருக்கோம்."

இந்த முதுகுதான் அவனை மாட்டிவிட்டது.

எங்கள் வார்டன் கணக்குப் பேராசிரியர், மனைவியை இழந்தவர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது விடுதி ஐதீகம். விடுதி வளாகத்திலேயே வீடு. எங்களைத் திட்ட ஆரம்பித்தால் நிறுத்த ஒரே ஆள் அவர் மகள்தான். "அப்பா, சோறு ஆறுது" என்று வாசலிலிருந்து குரல் வந்தால், பாதி வசவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டார், சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வீட்டுக்குக் கூப்பிட ஆளில்லாமல், மனிதர் மாலை முழுவதும் விடுதியிலேயே ரோந்து சுற்றினார்.

அப்படித்தான் ஒருநாள் படிப்பு நேரத்தில் எங்கள் கதவைத் திறந்தார். சலீம் ஒற்றைக்காலில். நான் கண்ணை மூடியபடி. வார்டன் வந்தால் இருமிக் காட்ட வேண்டிய வாட்ச்மேன் மாதப்பன், உள்ளே உட்கார்ந்து கையைத் தூக்கியபடி.

"என்னய்யா இது, வேண்டுதலா?"

"இவங்களப் புடிக்கத்தானுங்க வந்தேன்" என்றார் மாதப்பன்.

"கைய எதுக்குத் தூக்கியிருக்க?"

"பஸ் இன்னும் வரலீங்க."

வார்டன் தரையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தில் அவருடைய பெயரே பாதி இருந்தது.

"எவன் வேலை?"

"என்னுதுங்க சார்" என்று எழுந்தான் கலப்படம்.

"என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய வெட்டிச் சீட்டாடறியா?"

"தர்மபுரியிலயே அதாங்க சார் நல்ல அட்டை. மத்ததெல்லாம் ரெண்டு ஆட்டத்துல மடங்கிப் போயிடுது."

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"பெட்டியக் கட்டு. காலையில ஊருக்குப் போயிடு."

விடுதி இல்லையென்றால் அவனுக்குக் கல்லூரியே இல்லை. ஏரியூரிலிருந்து தினம் வந்து போக பஸ்ஸும் கிடையாது, வசதியும் கிடையாது. முதல் தடவையாக அவன் முகத்தில் வேறெதோடும் கலக்காத ஒரே ஓர் உணர்ச்சியைப் பார்த்தேன். பயம்.

வாசல்வரை போன வார்டன் திரும்பினார். "வெட்டினது அபசகுனம்டா. எல்லாத்தையும் சேத்து ஒட்டிக் குடுத்துட்டுப் போ."

தரையில் சீட்டுகளைக் கவிழ்த்து, துண்டு துண்டாகப் பத்திரிகையைச் சேர்த்தோம். பிள்ளையார் வந்தார், மாப்பிள்ளை வந்தார், மண்டபம் வந்தது. நட்ட நடுவில் ஒரு சீட்டு அளவுக்கு ஓட்டை. மணப்பெண் பெயரைக் காணோம்.

மாதப்பன் மெதுவாகத் தன் காக்கித் தொப்பியைக் கழற்றி, அதற்குள்ளிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். "நேத்து நான்தானுங்க தோத்தது. இது ஒண்ணு கையில இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமுங்க."

வார்டன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். விளக்குப் படம் போட்ட லேபிள். கீழே 'பாப்பா கூப்பிடுது' என்று எழுதியிருந்தது.

"என்னடா இது?"

கலப்படம் தலையைச் சொறிந்தான். "வார்டன் சீட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க சார். அது விழுந்தா எல்லாரும் சீட்டக் கவுத்துட்டுப் படிக்கற மாதிரி உக்காரணும். அத யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலைன்னா ஆட்டம் செத்துடும். எல்லாச் சீட்டுக்கும் ஒரு எமன் வேணும். உங்களுக்கு பாப்பா ஒண்ணுதாங்க சார். சோறு ஆறுதுன்னு அது கூப்பிட்டா நீங்க வூட்டுக்குப் போயாகணும்."

வார்டன் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப யாருடா கூப்பிடறா" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு சலீமின் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "கைக்கு எத்தன சீட்டு?"

அதுவரை ஒற்றைக்காலிலேயே நின்றிருந்த சலீம் மெல்லிய குரலில் கேட்டான். "சார், கால எறக்கலாங்களா?"

"ரூல் என்ன சொல்லுது?"

"அடுத்த சுத்து வரைக்குமுங்க."

"அப்ப நில்லு."

கணக்குப் பேராசிரியர் அன்று அடைந்த தோல்வி, கணக்குக்கே வராத தோல்வி. பெட்டி கட்டும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை. தோற்றவர் உரிமைப்படி ஒரு சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதை என்று சொல்ல வேண்டியதில்லை. அதை அவர் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. சித்தாந்தப்படி வேறொன்று எழுதியாக வேண்டும்; கலப்படம் எழுதவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் போய் நின்று, "சார், சோறு ஆறுதுங்க" என்று குரல் கொடுத்தான். அவரும் பாதி வசவோடு எழுந்து போனார்.

படிப்பு முடிந்து பெட்டி கட்டிய நாளில் கடைசியாக ஓர் ஆட்டம் போட்டோம். கலப்படம் கையில் ஒரே சீட்டு, போட்டால் ஜெயித்துவிடுவான். தண்ணி குடித்தான், ஜன்னலைப் பார்த்தான், போட மறந்தான். நாங்கள் எல்லோரும் ஜெயித்து முடிக்கும்வரை காத்திருந்து தோற்றான். பிறகு கட்டைப் பிரித்து, நிதானமாகத் தேடி, 'அவசரம்' சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த ஆட்டத்துக்கு எடுத்தாறேன்டா."

அந்த அடுத்த ஆட்டம் இன்னும் நடக்கவில்லை. பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்குகிறவன் நான். இது ஒன்றுக்கு மட்டும் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கிறேன்.